மன்னருக்குத் தாழ்ப்பாள்

அந்த ஊரில் ஒருவர் தனியாகக் கஷ்டப்பட முடியாது. விடமாட்டார்கள். ஒருவர் தும்மினால் ஊரே கைக்குட்டை நீட்டும். ஸ்கூட்டர் மக்கர் பண்ணினால் ஓட்டியவரை அதிலேயே உட்காரவைத்து வீடுவரை தள்ளிக்கொண்டு போவார்கள். நடுவழியில் வண்டி கிளம்பிவிட்டாலும் தள்ளுவதை நிறுத்தமாட்டார்கள். தபால்காரர் ஒருநாள் ஏதோ யோசனையில் சாலையோரம் நின்றுவிட்டார். ஆளாளுக்குக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதும், அங்கிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விடுவதுமாக இருந்ததில் அன்றைக்குத் தபால் பட்டுவாடாவே நடக்கவில்லை. நல்ல மனசுதான், யார் இல்லையென்றது?

அப்படிப்பட்ட ஊரில்தான் சாவிக்காரரின் மகள் வந்து பிறந்தாள். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் போதும், குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். வகுப்பில் அவளுக்கு முணுமுணு என்று பெயர்.

ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் எடுத்த கணக்கு டீச்சர், "வாயிற்காவலன் வேஷம், ஒரே ஒரு வசனம், யாருக்கு வேணும்?" என்று கேட்டதும் முணுமுணு கையைத் தூக்கினாள். "இது அட்டெண்டன்ஸ் இல்லம்மா" என்று டீச்சர் சொல்லியும் இறக்கவில்லை. 'மன்னர் வருகிறார்!' என்பதுதான் வசனம். அதைச் சொல்லிவிட்டுக் காவலன் கதவைத் திறந்தால்தான் போருக்குப் போன மன்னர் மேடைக்கு வருவார், நாடகம் தொடங்கும்.

சாயங்காலம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றாள். "அந்தப் பெரிய ஹால்ல என் குரல் எப்படிக் கேக்கும்னு நான் தெரிஞ்சுக்கணும்மா. ஒரே ஒரு தடவை. நானே சொல்லணும்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பக்கத்து வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

விடிந்ததும் மருந்துக்கடைக்காரர் தொண்டை மருந்தோடு வாசலில் நின்றார். பேக்கரிக்காரர் கடையில் இருந்த கேக்குகள் எல்லாவற்றிலும் கிரீமால் வசனத்தை எழுதினார். மன்னர் வேஷம் அவர் மகனுக்கு, சும்மா இருப்பாரா? பல் டாக்டர் அவள் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, "இப்பச் சொல்லு பார்ப்போம், இப்பச் சொல்லிட்டா எப்பவும் சொல்லிடலாம்" என்றார். முடி வெட்டுகிறவர் ஒரு பக்கத்தோடு நிறுத்தி, வசனத்தை ஒப்பித்தவர்களுக்கு மட்டுமே மறுபக்கக் காதோரம் வெட்டினார். பஸ் கண்டக்டரோ நிறுத்தங்களின் பெயரையே விட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் "மன்னர் வருகிறார்!" என்று கூவினார். எங்கே இறங்குவது என்று தெரியாமல் ஜனங்கள் கடைசி நிறுத்தம்வரை போய் நடந்து திரும்பினார்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தானே.

"மறந்துட்டாலும் பயப்படாத கண்ணு, பக்கத்துணைக்கு நாங்க இருக்கோம்" என்று வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

இரண்டே வார்த்தை, எப்படி மறக்கும்? ஊர் வாயில் புரண்டு புரண்டு அது எச்சில் பண்டமாகிவிட்டது, அதுதான் அவள் துக்கம். நினைத்து நினைத்து அழுதாள். "பாவம், பயப்படுறா" என்று ஊர் இன்னும் உரக்க உதவியது.

அப்பா மட்டும் லேசுப்பட்டவரா? தச்சர் செய்த அரண்மனைக் கதவில் நிஜமான இரும்புத் தாழ்ப்பாளைப் பொருத்தினார். "அட்டையில ஒண்ணு ஒட்டினாப் போதுங்க" என்று டீச்சர் கெஞ்சினார்.

"என் பொண்ணு காவல் காக்கிற கதவுங்க" என்றார் சாவிக்காரர். "யானை மோதினாலும் திறக்கக் கூடாது."

விழா அன்று ஹாலில் எள் போட்டால் எள் விழாது. திரை விலகியது. வெள்ளித்தாள் சுற்றிய துடைப்பக்கட்டை ஈட்டியும் மை மீசையுமாக முணுமுணு கதவருகே நின்றாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

அந்த ஒரு மூச்சைக்கூட ஊரால் பொறுக்க முடியவில்லை.

"மன்னர் வருகிறார்!" என்று ஹாலே அலறியது. எல்லாரையும்விடப் பெரிய சத்தம் முன்வரிசையில் இருந்த அப்பாவுடையது.

மன்னர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. "தாழ்ப்பாளை எடுடீ! சொல்லியாச்சுல்ல, கிரீடம் கனக்குது!"

"யாரு சொன்னா?" கதவிடுக்கில் கேட்டாள்.

"எல்லாரும்தான்."

"நான் சொல்லல."

பிள்ளை விறைத்துப் போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டியது. மறுபடி அலறினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். மருந்துக்கடைக்காரர் பாட்டிலோடு நாற்காலிமேல் ஏறினார். முணுமுணு கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீலைக் கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு மேடையேறிய தச்சரை, ஈட்டியை நீட்டி வந்த வழியே இறக்கிவிட்டாள். அப்புறம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

சாவிக்காரர் அடுத்த அலறலுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தார். மகளின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததும் அவருக்கு உறைத்தது. ஒரு பூட்டில் நாலு பேர் சேர்ந்து சாவியைத் திருகினால் பூட்டு திறக்காது, சாவிதான் முறியும். இது அவருக்குத் தெரியாததா? தன் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டார். மறு கையால் பக்கத்தில் இருந்த கண்டக்டரின் வாயைப் பொத்தினார். கண்டக்டர் பல் டாக்டரின் வாயைப் பொத்தினார். இப்படியே வரிசை வரிசையாகப் போனது. உதவி செய்யாமல் இருப்பதற்கும் அந்த ஊருக்கு உதவி தேவைப்பட்டது.

ஹால் அடங்கியது. முணுமுணு எழுந்து மீசையைச் சரிபார்த்துக்கொண்டாள்.

"மன்னர் வருகிறார்."

சின்னக் குரல். பாதி நாற்காலிகளைத் தாண்டியிருக்காது. ஆனால் அவளுக்குக் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷமாகத் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை விரியத் திறந்தாள்.

மன்னர் வரவில்லை. ஊர் அலறினால்தான் உள்ளே போக வேண்டும் என்று பழகிப்போன பேக்கரிக்காரர் பிள்ளை, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தான்.

அவ்வளவுதான், காவலனுக்கு வந்ததே கோபம்! "டேய் மன்னா! இத்தனை பாடுபட்டு உன்னைத்தான்டா சொன்னேன்! எந்திரிச்சு உள்ள வாடா!"

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பன்னை வாயில் கவ்வியபடி மன்னர் ஓடிவந்தார்.

கைதட்ட ஒருவருக்கும் கை இல்லை. எல்லாக் கையும் அடுத்தவர் வாயில் இருந்தது. எடுக்கலாமா என்று அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முணுமுணு கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம், சரி என்று தலையாட்டினாள்.