எழுந்திருக்க மாட்டேன்

...எழுந்திருக்க மாட்டேன், அளக்க வந்தவர் டேப்பை நீட்டிக்கொண்டு நாற்காலிவரை வந்து "அக்கா, காலைக் கொஞ்சம் தூக்குங்களேன்" என்கிறார், தூக்க மாட்டேன், பாவம், அவர்மேல் எனக்கென்ன கோபம், கோபமெல்லாம் ஜன்னலோரம் போனை நோண்டிக்கொண்டு நிற்கும் அண்ணன்மேல்தான், வீட்டை விற்கப்போகிறானாம், "நீ ஒருத்திதானே இருக்கே, உனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வீடு?" என்று காலையில் கேட்டான், ஒருத்தி என்றால் ஆள் கணக்கில் சேர்த்தி இல்லையா? மடியில் அகராதிக்கான அச்சுத்தாள், இன்று என் பங்குக்கு வந்த ஆங்கிலச் சொல் 'ரிசைடு', 'வசித்தல்' என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கலாம், ஆனால் எனக்கோ வேர்வரை தோண்டாவிட்டால் சோறு இறங்காது, தோண்டினால் லத்தீன், உட்காருதல் என்ற வினை, அதற்கு முன்னால் 'பின்' என்று ஓர் ஒட்டு, ஆக, மற்றவர்கள் போன பிறகும் பின்தங்கி உட்கார்ந்திருப்பது... அட, என் கதையை எவனோ எப்போதோ ஒரே சொல்லில் முடித்து வைத்திருக்கிறானே! அண்ணன் வேலை கிடைத்துப் போனான், அப்பா ஒரேயடியாகப் போனார், அம்மா படுக்கையில் விழுந்தபோது இதே நாற்காலியில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தது யார்? ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் எட்டிப் பார்த்தவனா? லீவு இல்லையாம், லீவு! வசிப்பதென்றால் சாவி வைத்திருப்பதல்ல, எழாமல் இருப்பது, அவ்வளவுதான், "கூடத்து நடுவுல ஒரு பொம்பளை, நகர மாட்டா, இதையும் அளவுல எழுதிக்குங்க" என்றேன், டேப்காரர் சிரித்துவிட்டார், அண்ணன் சிரிக்கவில்லை.

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்ங்க" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறான், சரி, இனி சண்டைதான், வரட்டும், ஒரு கை பார்த்துவிடுகிறேன்... ஆனால் அவன் சுவரையே பார்க்கிறான், "அம்மா கட்டில் இங்கதானே கிடந்துச்சு?" என்கிறான், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது பார், "ஆமா" என்றேன், வெடுக்கென்று, அவன் பேண்ட் கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் அந்த வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்கிறான், வழுக்கை விழுந்த தலையைச் சுவரில் சாய்க்கிறான், "எந்திரி, தரையெல்லாம் தூசி" என்கிறேன், ஜன்னல் வெயில் தரையைவிட்டு நகர்ந்த பிறகும் அப்படியே இருக்கிறான், காபி போடலாம் என்றால் நான் எழ வேண்டும், எழ மாட்டேன், எழாதவர்களுக்குத்தான் வீடு என்று தீர்ப்பு சொன்னவள் நான், இப்போது இவனை எதைச் சொல்லி எழுப்புவது?