நாற்பது நிமிட வீட்டில் ஒரு மாடு

செம்பியன் வடிவமைத்த வீட்டுக்கு அதுவரை நாற்பத்திரண்டு விருதுகள் கிடைத்திருந்தன. குடியிருக்கத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் குலுக்கல் போட்டார்கள். முதல் சீட்டில் வந்து விழுந்தவள் தைலம்மாள்.

கெடிலம் கரையில் தகரக் கொட்டகை போட்டு ஏழு வருஷமாக இருந்தவள். பக்கத்திலேயே இட்லிக் கடை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்குகிறவன் கோயிலுக்குப் போகிறானோ இல்லையோ, தைலம்மாள் கடைக்குப் போகாமல் ஊர் திரும்பமாட்டான். அந்த இட்லி அவ்வளவு லேசு. ஆடிக் காற்றில் ஒரு இட்லி தட்டைவிட்டுக் கிளம்பி, புதுச்சேரி பஸ்ஸின் மேல் உட்கார்ந்து டிக்கெட் இல்லாமல் பாகூர் வரை போனதைப் பார்த்த சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆற்றோரம் என்று சொல்லி அரசாங்கம் கொட்டகையைப் பிரிக்கப் போகிறது. குடிகாட்டுக்குப் போகும் வழியில் புது வீடு. ஆனால் கூடவே ஒரு விதி: வாசலில் அடுப்பு கூடாது, நடைபாதையில் பலகை கூடாது. வீடு வரும், கடை போய்விடும். மகள் இளமதி நர்சிங் இரண்டாம் வருஷம் படிப்பதே இட்லியை நம்பித்தான்.

"கடை இல்லாம வூட்டுக்குள்ள ஒக்காந்துகிட்டு சொவத்தையா தின்றது?" என்று தைலம்மாள் கேட்டாள்.

தின்னலாம் என்பதுதான் வேடிக்கை. சுவர் உமியை அழுத்திச் செய்தது. சிதம்பரம் கீழ வீதியில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த செம்பியன், மூன்று பெட்டியாக லாரியில் ஏற்றி வந்து, நாற்பதே நிமிஷத்தில் வீட்டைப் பொருத்தி நிறுத்திவிடுவார். கழற்றுவதற்கும் அதே நாற்பது நிமிஷம். "எதுத்தாப்புல இருக்குற கோபுரத்துக்கு எத்தனை தலைமுறை ஆச்சு, பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கோபுரம் பதில் சொல்லாதது அவருக்கு வசதியாகப் போயிற்று.

மக்களைக் கலந்து பேசித்தான் எல்லாம் நடந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கொடுத்து, ஆசையை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள்.

"தெருப் பக்கத்துச் சொவத்துல ஒரு பலகை மட்டும் தொறக்குற மாதிரி வச்சிடுங்க சார். உள்ளேருந்தே யாவாரம் பண்ணிக்கிறேன்" என்றாள் தைலம்மாள்.

"ஒரு மில்லிமீட்டர் மாத்தினாக்கூட மொத்த சிஸ்டமும் போயிடும்மா."

"அப்ப எதுக்கு சார் சீட்டு ஒட்டச் சொன்னீங்க?"

"போட்டோவுக்கு."

இன்னொன்றையும் பெருமையாகச் சொன்னார். "இந்தச் சுவர் மூச்சு விடும்."

"இந்தப் பக்கத்து கெமிக்கல் கம்பெனிக் காத்துக்கு நாங்களே மூச்சைப் புடிச்சிக்கினுதான் சார் இருக்கோம். அது ஒண்ணு வேற விடணுமா?" என்றார் ஆட்டோ அந்தோணிசாமி. அவருக்குக் குலுக்கலில் இரண்டாவது வீடு விழுந்திருந்தது. மண்டபமே சிரித்தது. தைலம்மாள் மட்டும் சிரிக்காமல், மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்த மாதிரி வீட்டுக்குள் போய், குறுக்கும் நெடுக்கும் காலடி வைத்து நடந்துவிட்டு வந்தாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் பால்காரர் கொளஞ்சியப்பனின் கொட்டிலுக்குப் போனாள். அவருடைய பசு சிவகாமி சாதாரணப் பசு அல்ல. அது படுத்து எழுந்தால் நிலநடுக்கம் என்று பேப்பரில் போடுவார்கள்.

"மாமா, நாளைக்குப் புது வூட்டுக்குள்ள மொதல்ல சிவகாமிதான் வரணும். மாலைக்கு அளவெடுக்க வந்தேன்" என்று சணல் கயிற்றை மூக்கிலிருந்து வால் வரைக்கும் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

"மாலை கழுத்துக்குத்தான போடுவாங்க? வாலு வரைக்கும் எதுக்கு?"

"பெரிய மாலை மாமா."

மறுநாள் ஒன்பது மணிக்கு நல்ல நேரம். பத்தரைக்கு வீட்டுத் திட்ட இயக்குநர் வைத்திலிங்கம் வருவார், பார்த்துக் கையெழுத்துப் போடுவார், சாவி தருவார் என்று ஏற்பாடு. மாடு என்றதும் செம்பியன் முதலில் முகம் சுளித்தார். கேமராக்காரர்கள் வந்திருப்பதைப் பார்த்ததும், "பண்பாட்டு நிலைத்தன்மை!" என்று தாமே ஒதுங்கி வழிவிட்டார்.

வெள்ளம் ஏறாமலிருக்க வீட்டைப் பீப்பாய் உயரத் தூண்களில் நிறுத்தி, குறுக்குப் பக்கத்து வாசலுக்குச் சாய்தளம் வைத்திருந்தார்கள். சிவகாமி மகாராணி மாதிரி ஏறியது. ஒரு பக்கம் பொருத்திவைத்த கட்டிலும் சமையல் மேடையும், மறுபக்கம் தெருச் சுவர், நடுவே நாலடி நடை. நடையின் கடைசியில் செம்பியனின் நாற்பத்திரண்டாவது விருதுக்குக் காரணமான செங்குத்துத் தோட்டம். அரைக்கீரை, புதினா, பொன்னாங்கண்ணி.

சிவகாமி அதைப் பார்த்தது. அப்புறம் அந்த விருது இல்லை.

தோட்டத்தைத் தொட்டியோடு முடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தது. கட்டில் இடித்தது. எதிர்ப் பக்கம் பார்த்தது. சுவர் இடித்தது. கொளஞ்சியப்பன் வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மாடு பின்னால் நடக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாததற்கு அடையாளமாகத் தரையில் ஒரு கூடை சாணம் போட்டது.

"யாராவது ஏதாவது பண்ணுங்கய்யா!" செம்பியன் அலறினார். மணி ஒன்பதே முக்கால்.

"நாப்பது நிமிசத்துல கழட்டலாம்னியே தம்பி, கழட்டு" என்றார் கொளஞ்சியப்பன்.

செம்பியன் பையைத் துழாவினார். "அந்த போல்ட்டுக்குத் தனி ஸ்பேனர் மாமா. ஜெர்மன்லேருந்து வந்தது. சிதம்பரத்துல இருக்குது." அந்த நிமிஷத்தில் அவருக்குக் கொளஞ்சியப்பனும் மாமாவாகிவிட்டார்.

அந்தோணிசாமி ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவந்தார். தெருச் சுவரின் நடுப்பலகையில் மேல் போல்ட்டுகள் ஆறு நிமிஷத்தில் வந்துவிட்டன. கீழே இருந்தவை வரவில்லை. கடலூர் உப்புக் காற்று இரண்டே மாதத்தில் அவற்றைக் கீல் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தது. பலகை பெட்டி மூடி திறப்பதுபோல் மெல்லச் சாய்ந்து, தெருவைத் தொட்டு நின்றது. சிவகாமி பக்கவாட்டில் திரும்பி, அதன்மேல் இறங்கி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தது. அதன் வீட்டை.

"தூக்கி மூடுங்க, தூக்கி மூடுங்க!" என்றார் செம்பியன். மரை தேய்ந்த போல்ட்டை வைத்து மூடினால் பலகை நிற்கவில்லை, மறுபடி சாய்ந்தது. தைலம்மாள் நிதானமாக, "ரெண்டு பீப்பாய உருட்டியாங்க அந்தோணி" என்றாள். பலகையின் நுனியைத் தூக்கிப் பீப்பாய்மேல் வைத்தார்கள். மட்டமாக உட்கார்ந்தது. அதற்குள் இளமதி சாணத்தை வழித்துத் தரையைக் கழுவிவிட்டிருந்தாள். எங்கிருந்து வந்ததோ, உள்ளே சமையல் மேடையில் இட்லிக் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

வைத்திலிங்கத்தின் கார் வந்து நின்றது. இறங்கியவர் வீட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அதன்மேல் ஆவி பறக்கும் இட்லியைப் பார்த்தார்.

"என்ன இது? பிளான்ல இல்லையே?"

செம்பியன் வாயைத் திறப்பதற்குள் தைலம்மாள் தட்டை நீட்டினாள். "சாரோட யோசனைங்க. பொம்பளைங்க வூட்டுக்குள்ளேருந்தே பொழைக்கணும்னு தொறக்குற சொவரு வச்சிருக்காரு. அடுப்பு உள்ளதான் இருக்குது, பலகையும் வூட்டோட சேந்தது. நடைபாதையில ரெண்டு பீப்பாதான், வேற ஒண்ணுமில்லீங்க."

செம்பியன் அவளைப் பார்த்தார். பிறகு கேமரா பக்கம் திரும்பி, "வாழ்வாதாரம் ஒருங்கிணைந்த முகப்பு, சார்" என்றார். அந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது அவருக்கே தெரியாது.

வைத்திலிங்கம் எட்டு இட்லி சாப்பிட்டார். எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு, "எல்லா வீட்டுக்கும் இதே மாதிரி வேணும். எப்படித் தொறந்தீங்களோ, அதே முறையை அப்படியே எழுதி அனுப்புங்க" என்றார்.

செம்பியன் நேர்மையாக எழுதி அனுப்பினார். ஒரு மாதத்தில் டெண்டர் வந்தது. தொண்ணூற்றைந்து வீடுகளுக்குத் தலா ஒரு பசு, வீட்டுக்குள் விட்டுத் திருப்ப. பசுவின் நீளம் சிவகாமிக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

டெண்டர் காகிதத்தோடு கொளஞ்சியப்பன் கடைக்கு வந்தார். பலகையில் கையூன்றி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"தைலு, உள்ள போனா மாடு திரும்பாதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கென்னா தெரியும் மாமா. நான் என்னா அவார்டு வாங்கின ஆளா?" என்ற தைலம்மாள், மாவுப் பானைக்குப் பின்னால் கிடந்த ஒரு முடிச்சுப் போட்ட சணல் கயிற்றை எடுத்து, பார்சல் பொட்டலத்தைச் சுற்றிக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.