மாதம்மாள் வீட்டுச் சாமைச்சோறு

ஜீப்பை விட்டு இறங்கும்போதே பூங்கோதைக்கு வயிறு எரிந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஆறு வருஷத்தில் அவள் கணவர் ராஜ்குமார் வீட்டுச் சமையலை ஒரு நாளும் ருசித்துத் தின்றதில்லை. ஆட்டுக்கறியே ஆக்கிப் போட்டாலும் நாலு வாயோடு சரி. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அப்படிப்பட்டவர் மூன்று மாதமாக, வெள்ளிக்கிழமை தவறாமல் படவேட்டிலிருந்து மலைமேல் இருக்கும் நெல்லிவாசலுக்கு ஏறுகிறார். அங்கே சாமியாடிக் குறி சொல்கிற மாதம்மாள் வீட்டில் சாமைச்சோறு சாப்பிடுகிறாராம், வாய்விட்டு அழுகிறாராம். ஜீப்காரன் தங்கவேல் சொன்ன சேதி இது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் பார்க்காத கண்ணீரை எவளோ ஒருத்தி பார்ப்பதா? சாமியாவது பூதமாவது என்று கிளம்பி வந்துவிட்டாள்.

வாசலில் நின்று பார்த்தாள். ராஜ்குமார் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னோர் இலை, ஆள் இல்லை. மாதம்மாள் அதிலும் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், களையான முகம். பூங்கோதைக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"நான் ஆக்கிப் போட்டா எறங்காது. இங்க மட்டும் எறங்குதா ஒங்களுக்கு?"

அவர் தலை நிமிரவில்லை. "பட்டாளத்துல இருந்தப்போ, செக்போஸ்ட்ல ஒரு காரு நிக்காம போச்சி. சுட்டேன். பின் சீட்ல ஒரு பொண் கொயந்த இருந்திச்சி. அதுக்குத்தான் இந்த எல."

பூங்கோதை அந்த ஆளில்லாத இலையைப் பார்த்தாள். ஆனாலும் பொறாமை விடவில்லை.

"இத எங்கிட்ட சொன்னா இன்னா?"

"சொன்னா, 'நீங்க இன்னா பண்ணுவீங்க, உத்தியோகமாச்சே'ம்ப. எல்லாரும் அதான் சொன்னாங்க. இவங்க மட்டுந்தான், 'ஆமா, தப்புதான். வாரா வாரம் அதுக்குச் சோறு போடு'ன்னாங்க."

'உத்தியோகமாச்சே' என்ற அந்தச் சொல்தான் அவள் வாய்வரை வந்திருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மாதம்மாள் குழம்புச் சட்டியைத் தூக்கினாள். பூங்கோதை உள்ளே போய்க் கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"குடு. நான் போடறேன்."

மாதம்மாள் நகர்ந்துகொண்டாள். ஆளில்லாத இலையின் மேல் கரண்டியைச் சாய்க்கப்போன பூங்கோதை, குழம்பில் மிதந்த மிளகாயைப் பார்த்து நிறுத்தினாள்.

"எத்தினி வயசு இருக்கும் அதுக்கு?"

"மூணு... நாலு."

கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். "தயிரு கீதா?" என்று மாதம்மாளைப் பார்க்காமலே கேட்டுவிட்டு, இலையிலிருந்த சோற்றைக் குழையக் குழையப் பிசையத் தொடங்கினாள்.