நோனாவா, கன்ஸேவா

1.
இந்தக் கதை பக்கத்து வீட்டு கினுவே அக்காவின் மடியிலிருந்து எனக்குக் கிடைத்தது. எங்கள் ரிஷிரித் தீவில் ஒரு செப்டம்பர் காலை, அவள் எதையோ மடியில் மறைத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். வெறும் மடியோடு திரும்பினாள். கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற மீனவர் வீட்டுப் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2.
முதலில் எழுதிய தொடக்கம்: "கடல் முள்ளெலிகளை முள்ளின் நீளம், நிறம், ஓட்டின் வடிவம் ஆகியவற்றால் இனம் காணலாம், அவற்றுள்—"

பள்ளிக்கூட வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.

எங்களுக்கு இரண்டே பெயர். முள் நீண்டு, கறுத்து, தொட்டால் குத்துவது நோனா. குட்டை முள்ளும் பச்சையும் பழுப்புமான நிறமுமாக, உள்ளங்கையில் சமர்த்தாக உட்காருவது கன்ஸே. ருசி கன்ஸேவுக்குத்தான். ஆகஸ்ட் முடிந்தால் அதைப் பிடிக்கக்கூடாது, மீனவர் சங்கத்து விதி. செப்டம்பரில் நோனா மட்டும்.

(இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் அடியில் கண்ணாடி பதித்த பெட்டியை நீரில் அழுத்தி, பல்லால் கடித்துக்கொண்டு கடலடியைப் பார்ப்பார்கள். கைகள் கோலுக்கும் துடுப்புக்கும் வேண்டுமே! பெட்டி வாயில் இருக்கும்வரை யாரும் அவர்களிடம் கேள்வி கேட்பதில்லை.)

3.
புருஷன் கடலிலிருந்து கொண்டுவந்த கூடையைக் கினுவே கவிழ்த்தாள். நோனாக்களுக்கு நடுவே ஒரு கன்ஸே. மறுநாளும் ஒன்று வந்தது.

அவள் புருஷன் ஷிகெஹாருவுக்குக் கண்ணில் புரை விழுகிறது என்று அவளுக்குப் பட்டது. மீனவர் சங்கத்துக்குத் தெரிந்தால் படகில் ஏற விடமாட்டார்கள். படகில்லாமல் அந்த மனுஷன் என்ன ஆவார்? அதனால்தான் கன்ஸேக்களை மடியில் மறைத்துக் கடலில் விட்டாள்.

(ஷிகெஹாரு மேல் எனக்கே ஒரு சந்தேகம். கன்ஸே என்றால் கினுவேவுக்கு உயிர். கண் நன்றாகத் தெரிந்தே, அவளுக்காகத் திருடி வருகிறாரோ? அப்படியானால் அவர் கொடுத்ததை எல்லாம் அவள்... வேண்டாம், அவசரப்படுகிறேன்.)

4.
"ஏங்க, கண் டாக்டரை ஒருதடவை பாத்துட்டு வருவமா?"

"என் கண்ணுக்கு என்னடி? உன் கன்னத்துல ஒட்டியிருக்கிற சோத்துப் பருக்கைகூடத் தெரியுது."

அவள் தடவிப் பார்த்தாள். கன்னத்தில் ஒன்றும் இல்லை. கேலி செய்கிறாரா, நிஜமாகவே அப்படித் தெரிகிறதா? எனக்கும் தெரியவில்லை.

5.
எழுதி அடித்தது: "அவள் ஒன்றை அவர் கையில் வைத்து—"

தப்பு. முள் குத்தினால் யாருக்கும் நோனா தெரிந்துவிடும். கண்ணுக்கு வைக்கிற பரீட்சையைக் கை எழுதக் கூடாது.

ஆகவே கொட்டகையின் அந்தக் கோடியில் பலகை மேல் ஒரு நோனாவையும் ஒரு கன்ஸேவையும் வைத்தாள்.

"தொடக்கூடாது. அங்க நின்னே சொல்லுங்க, எது கன்ஸே?"

"என்ன விளையாட்டு இது, சின்னப் புள்ளையா நீ?"

"சொல்லுங்களேன்."

ஷிகெஹாரு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார்.

"தண்ணியே இல்லாத இடத்துல எதுக்கு இது?" என்று கினுவே சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு பிரியம் அவளுக்கு அந்த மனுஷன் மேல்.

6.
இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் அவருக்குக் கண் தெரியவில்லை. "நாளைக்கு நானும் படகுல வர்றேன். நீங்க கடிச்சுக்கிட்டே இருங்க, எது எதுன்னு நான் சொல்றேன்" என்கிறாள். மற்றதில் கண்ணுக்கு ஒன்றுமில்லை. திருட்டைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான். "ருசியா இருந்துச்சா?" என்று கேட்கிறார். அவள் பொய் சொல்கிறாள், "ரொம்ப."

எதுவானாலும், அந்தப் பெட்டியை முதலில் அவர் வாயிலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். என் கையில் பேனா இருக்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?