ஆறு மாதக் கம்ப்யூட்டர்

"நீ கேட்டுச் சொல்லு" என்றார் லோகேஸ்வரன்.

"எதைக் கேட்டுச் சொல்லணும்?"

"தை ஒண்ணுக்கு வந்து எடுத்துக்கினு போறானா இல்லையான்னு."

"ஏன், நீங்களே கேக்கறதுதானே? உங்க ஃப்ரெண்டுதானே அவரு."

"நான் ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான். உன் நம்பர்னா எடுப்பான்."

அம்சவேணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். அறுபது வயது ஆண்கள் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருந்தால் நடுவில் இருக்கிறவளுக்குக் கீரை கூட நிம்மதியாக உருவ முடியாது.

"சாமுண்ணா, நான் அம்சா."

"சொல்லு தங்கச்சி. சாப்ட்டியா?"

"இன்னும் உலையே வைக்கல. தை ஒண்ணுக்கு வர்றீங்களான்னு கேக்கறாரு."

"யாரு?"

"யாருன்னா? எங்க வூட்டுல எத்தனை பேரு இருக்கறாங்க?"

"வேணாம்னு சொல்லிடு. கறிக்கடையில வெட்டற மாதிரி வெட்டிப்போட்டு, இப்ப வந்து எடுத்துக்கினு போன்னா? அவனே வெச்சுக்கட்டும். என் பாதியையும் சேர்த்து."

ஃபோன் நின்றுபோயிற்று.

"இன்னா சொன்னான்?"

"வேணாமாம்."

"வேற?"

"கறிக்கடைன்னாரு."

லோகேஸ்வரன் எழுந்து உள்ளறைக்குப் போனார். அங்கே மேஜை மேல் அது இருந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, கறுப்பு, மேலே அழிரப்பர் போலச் சாம்பல் நிறச் சாவிகள். டிவியில் மாட்டினால் படம் வரும். டேப்ரிக்கார்டரில் மாட்டினால் புரோகிராம் ஏறும். எண்பத்தெட்டில் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு, சென்னை பர்மா பஜாரில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர். அப்போது லோகேஸ்வரன் பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட். சாமுவேல் டிவி ரிப்பேர் கடையில் வேலை.

முதலில் அது பிள்ளையார்பாளையத்தில், லோகேஸ்வரன் வீட்டிலேயே இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் லோகேஸ்வரனின் அம்மா, தென்னேரிப் பக்கத்திலிருந்து வந்த சாமுவேலை வாசல் நடையோடு நிறுத்திவிடுவார். டீ தருவார், தனி டம்ளரில். மூன்று வாரம் நடையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த சாமுவேல் நாலாம் வாரம் சொன்னார்: "பாதி எனக்குன்னா பாதி வருஷம் எங்க வூட்டுல இருக்கணும்." அன்றிலிருந்து ஆடி ஒண்ணு, தை ஒண்ணு. ஆடி ஒண்ணுக்கு இங்கே வரும், தை ஒண்ணுக்குச் செவிலிமேட்டில் இருக்கும் சாமுவேல் வீட்டுக்குப் போகும். அந்த அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. ஏற்பாடு மட்டும் நிற்கவில்லை. ஒருவரைக் கேட்காமல் மற்றவர் அதில் ஒரு திருகாணியைக் கூடக் கழற்றுவதில்லை என்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்த்தி.

லோகேஸ்வரன் போன வருஷம் ரிட்டையர் ஆனார். வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? பழைய கம்ப்யூட்டருக்குப் புது உயிர் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தார். முதல் வேலை, புது டிவியில் படம் தெளிவாக வர ஒரு ஒயரை மாற்றிப் போட்டது. சாமுவேலைக் கேட்டுத்தான். இரண்டாவது, பதினாறு கே மெமரியை நாற்பத்தெட்டாக ஆக்கியது. உள்ளே காலியாகக் கிடந்த குழிகளில் பன்னிரண்டு சிப்பு. சாமுவேலே வந்து பற்ற வைத்துக் கொடுத்தார். மூன்றாவதுதான் வம்பு. டேப்புக்குப் பதிலாக, நகம் அளவு கார்டில் எல்லாப் புரோகிராமையும் வைக்கிற ஒரு பலகை.

"பின்னாடி மாட்டிக்கோ. பெட்டியைத் தொடாதே" என்றார் சாமுவேல்.

பின்னால் மாட்டினால் அது ஆடும். சாவியைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் போதும், படம் சிதறிப்போய்விடும். ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த லோகேஸ்வரன், கார்த்திகையில் ஒருநாள் பலகையைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, இடது பக்கம் ரம்பத்தகடால் அறுத்து ஒரு சந்து எடுத்துவிட்டார். கார்டு போக ஒரு சந்து, பக்கத்தில், ஓடுகிற புரோகிராமை அப்படியே கார்டில் பதிய ஒரு சின்னப் பட்டன். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் வந்தார். அம்சவேணி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"யாரைக் கேட்டு வெட்டின?"

"நம்ம கம்ப்யூட்டர்தானேடா."

"நம்மன்னா எத்தனை பேரு?"

சாமுவேல் எழுந்து போய்விட்டார். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

இப்போது கார்டு ஜோராக வேலை செய்கிறது. உலகத்தில் யார் யாரோ எழுதிய விளையாட்டெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் போட்டால், கண் சிமிட்டுகிற நேரத்தில் ஏறுகிறது. ஒரே ஒரு விளையாட்டு மட்டும் எந்த இன்டர்நெட்டிலும் இல்லை. இவர்கள் இரண்டு பேரும் எண்பத்தொன்பதில் எழுதியது. பெயர் 'தேர்'. ராஜ வீதிகளில் தேர் ஓடும். முனை திரும்பும்போது சரியான சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட வேண்டும். தவறினால் தேர் யார் வீட்டுச் சுவரிலாவது போய் இடிக்கும். வீதிகளை லோகேஸ்வரன் வரைந்தார், சக்கரக் கணக்கை சாமுவேல் எழுதினார். அது ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது.

அந்தக் கேசட்டைப் பதிந்த டேப்ரிக்கார்டருக்கு, டேப்பை உரசிப் படிக்கிற தலை கொஞ்சம் கோணல். அது செத்துப்போய் வெகு காலம். ஆகவே வேறு எதில் போட்டாலும் அதன் தலையையும் அதே அளவு கோணலாகத் திருப்பினால்தான் ஏறும். எவ்வளவு கோணல் என்பது சாமுவேல் காதுக்கு மட்டும்தான் தெரியும். லோகேஸ்வரனும் தனியாக முயன்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று, ஏறவில்லை என்று ஒரு வரி வரும். ஒவ்வொரு முறையும் டேப்பிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்து தலையில் ஒட்டியது.

"இன்னும் ரெண்டு தடவை ஓட்டினா தேர் இருக்காது அம்சா. வெறும் டேப்புதான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார், கடைக்கு என்று.

அம்சவேணி மறுபடி ஃபோனை எடுத்தாள். இந்த முறை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

"சாமுண்ணா, தேர் ஏற மாட்டேங்குது."

"எத்தனை தடவை ஓட்டினான்?"

"ஏழு."

"ஏழா! அறிவிருக்குதா அவனுக்கு? டேப்பு இன்னா இட்லித் துணியா, தெனம் அலசி அலசிப் போட?"

"நீங்க வந்து பாருங்க."

"அந்தப் பெட்டிய நான் பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம். கேளுங்க. ஃபோன்லயே சொல்லுங்க, திருப்பறோம்."

"அவன் கையில குடுக்காதே. அது வெட்டற கை. நீ திருப்பு."

"நானா?"

"பாவு பிணைக்கற கைதானே? உன்னால ஆகும். சாம்பல் மட்டும் தொட்டுக்காதே, சொல்லிட்டேன்."

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறியில் ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவின் நூல்களைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. விரலில் சாம்பல் தொட்டு முறுக்கினால் பட்டு வழுக்காது. தொண்ணூற்றொன்றில் இந்தக் கேசட் ஒருநாள் அறுந்தபோது, வீட்டில் ஆண்கள் இல்லை, இது என்ன பெரிய விஷயம் என்று அவளே சாம்பல் தொட்டு அதையும் முறுக்கிச் சேர்த்து வைத்தாள். உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் மேற்கு ராஜ வீதி போய்விட்டது. ஒரு மாசம் உட்கார்ந்து இருவரும் திரும்ப எழுதினார்கள். இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

லோகேஸ்வரன் வாழைப்பழத்தோடு திரும்பியபோது மேஜையில் ஃபோன் படுத்திருந்தது, ஸ்பீக்கர் போட்டு. அம்சவேணி கையில் மூக்குக்கண்ணாடிக்காரர் வைத்திருக்கும் அளவுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"யாரு லைன்ல?" என்றார்.

"வந்துட்டானா? பேசாம நிக்கச் சொல்லு தங்கச்சி" என்றது ஃபோன்.

லோகேஸ்வரன் பேசாமல் நின்றார்.

முதலில் விளையாட்டு இல்லாத ஒரு பழைய கேசட்டைப் போட்டு, டேப்ரிக்கார்டர் மூடியில் இருக்கும் ஓட்டைக்குள், தலையைச் சாய்க்கிற ஸ்க்ரூவைத் தேடக் கற்றுக்கொண்டாள். பிறகு 'தேர்' கேசட். டேப் கீச்சென்று கத்தியது.

"அது இன்னா டக்கு டக்குன்னு கேக்குது?"

"பக்கத்து வூட்டுத் தறி."

"நிறுத்தச் சொல்லு. இதுல ஒண்ணும் புரியல."

அம்சவேணி சுவர்ப் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். "பொன்னிக்கா, ஒரு பத்து நிமிஷம் தறிய நிறுத்துக்கா!"

தறி நின்றது. அடுத்த நிமிஷம் பொன்னியம்மாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"யாருடி? யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலக்கா."

"பின்ன தறிய எதுக்கு நிறுத்தச் சொன்ன? சாவு விழுந்தாத்தானே நிறுத்துவோம்? எதுத்த வூட்டுலயும் நிறுத்திட்டாங்க பாரு."

"ஒரு தேர் ஓட்டணும்க்கா. உக்காரு, சொல்றேன்."

பொன்னியம்மாள் உட்கார்ந்தாள். தெருவே சத்தமில்லாமல் இருந்தது.

"கால் சுத்து. வலப்பக்கம்" என்றது ஃபோன்.

திருப்பினாள்.

"மழுங்குது. திரும்பி வா. இன்னும். அதுல பாதி."

"இப்ப?"

"இப்ப கொசு மாதிரி இருக்குது. கொசு கூடாது. தகரத்துல ஊசியால கீறினா எப்பிடி இருக்கும், அப்பிடி வரணும்."

"நூல் அளவு திருப்பட்டுமா?"

"நூல்ல பாதி."

அவள் விரல் அசைந்ததா என்று லோகேஸ்வரனுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கூர்மையாகி, பொன்னியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பிடியே விடு! கையை எடு! ஆரம்பத்துக்குச் சுத்தி, ஏத்தச் சொல்லு அவன."

லோகேஸ்வரன் தட்டினார். டேப் ஓடியது. திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடின. இரண்டரை நிமிஷம். ஃபோனில் மூச்சுச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் அதுவும் கேட்கவில்லை. ஏற்றிப் பார்ப்பதில் இது எட்டாவது முறை.

கோடுகள் நின்றன. கட்டம் கட்டமாக ஒரு தேரும், அதற்கு மேலே புள்ளி புள்ளியாகத் தமிழில் 'தேர்' என்ற இரண்டு எழுத்தும் வந்தன.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு சாமுண்ணா!"

"அப்புறம் இன்னா வாயப் பாத்துக்கினு நிக்கறான்? அந்தப் பட்டன அமுக்கச் சொல்லு, கார்டுல ஏறட்டும்!"

லோகேஸ்வரன் சந்துக்குப் பக்கத்தில் இருந்த பட்டனை அமுக்கினார். கார்டில் ஏறிவிட்டது என்று திரை சொன்னது. நிறுத்தி, டேப்பைத் தொடாமல், கார்டிலிருந்து மறுபடி ஏற்றிப் பார்த்தார். திரையில் தேர் வந்து நின்றது.

"கீழ பேரும் பாயிண்டும் இருக்குதா?" என்றது ஃபோன்.

அம்சவேணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். "சாமு நாலாயிரத்து நூத்தி எண்பது. லோகு மூவாயிரத்துத் தொள்ளாயிரம்."

"சரி" என்று சொல்லி சாமுவேல் வைத்துவிட்டார்.

"தை ஒண்ணப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் லோகேஸ்வரன்.

"நான் தறி ஓட்டலாமா, இன்னும் யாராச்சும் சாகணுமா?" என்றாள் பொன்னியம்மாள்.

பொங்கலன்று காலையிலேயே லோகேஸ்வரன் கம்ப்யூட்டரை வழக்கம்போலப் பழைய வேட்டியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, வாசல் பார்க்க உட்கார்ந்துவிட்டார். பொங்கல் பொங்கியது, படைத்தாயிற்று, சாப்பிட்டாயிற்று. பன்னிரண்டு மணி ஆயிற்று. வருஷா வருஷம் பத்து மணிக்கு வருகிறவர்.

"பிரிச்சு வெச்சிடட்டுமா?" என்றார்.

"உக்காருங்க."

ஒரு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. சாமுவேல் இறங்கி நேராக உள்ளே வந்தார்.

"எங்க தங்கச்சி அது?"

அம்சவேணி பெட்டியைக் காட்டினாள். சாமுவேல் வேட்டியைப் பிரித்தார். கம்ப்யூட்டரைத் திருப்பி, இடது பக்கச் சந்தில் சுண்டுவிரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்தார்.

"கோணலா இருக்குது" என்றார், யாரையும் பார்க்காமல்.

"கை நடுங்கிப்போச்சு" என்றார் லோகேஸ்வரன்.

"கேட்டிருந்தா நான் நேரா வெட்டிக் குடுத்திருப்பேன்."

"கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றார் லோகேஸ்வரன்.

சாமுவேல் அதை மறுபடி வேட்டியில் சுற்றினார். அம்சவேணி சர்க்கரைப் பொங்கலும் டீயும் கொண்டுவந்தாள். நின்றபடியே இரண்டையும் முடித்தார். பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டார்.

"அரம் போட்டா சரியாயிடும். ஆடி ஒண்ணுக்கு நேரா இருக்கும்" என்றார்.

"டேய், நிறைய ராவிடாதடா. கார்டு உள்ள விழுந்துடும்."

"உன்னக் கேட்டுத்தான் ராவுவேன்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை லோகேஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னான்?" என்றார்.

"நீங்க இங்கதானே நின்னுக்கினு இருந்தீங்க?"

"இருந்தாலும் நீ சொல்லு."

அம்சவேணி டம்ளரையும் தட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"ஆடி ஒண்ணுக்கு நேரா இருக்கும்னாரு."