பேசிக்கொண்டே நடக்க ஒரு வராந்தா

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர்கள் பல பேர் உண்டு. ஆனால் ‘ஏலக்காரன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது அவன் ஒருத்தனைத்தான் குறிக்கும். அவன் வாயைத் திறந்தால், கடைசி வரிசையில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் சாய்ந்து தூங்குகிறவன்கூட எழுந்து ஒரு விலை கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுப்பான். அப்படி ஒரு தொண்டை. அவனுக்கு அடுத்துப் பிறந்த தங்கைக்கோ பிறவியிலேயே காது கேட்காது. “ரெண்டு பிள்ளைக்கும்னு சேர்த்துக் கொடுத்த சத்தத்தை மூத்தது ஒண்டியா முழுங்கிடுச்சு” என்று அவர்கள் அப்பா சொல்லிச் சிரிப்பார்.

உண்மையில் அந்த வீட்டில் அதிகம் பேசுகிறவள் தங்கைதான். எல்லாம் கையால். பள்ளியில் கற்றுக்கொண்ட சைகையை அன்றைக்கன்றைக்கே அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். தப்பாகச் செய்தால் மண்டையில் ஒரு குட்டும் உண்டு. சைகையில் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கையாலேயே பெயர் வைத்துக்கொள்வார்கள். அண்ணனுக்கு அவள் வைத்த பெயர், வாய்க்கு முன்னால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவது. ‘பெரிய வாய்’ என்று அர்த்தம். அவன் அவளுக்கு வைத்த பெயர், காதோரம் பென்சில் செருகுவது. எந்நேரமும் எதையாவது வரைந்துகொண்டே இருப்பாள்.

வரைந்து வரைந்தே அவள் கட்டடக் கலை படித்தாள். ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். சேர்ந்து சில வருடங்கள் கழித்து அந்தச் செய்தி வந்தது: அவள் படித்த பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டப் போகிறார்கள். காது கேளாத பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளி, முன்பு நூல் மூட்டை அடுக்கிவைத்த பழைய கிடங்கு ஒன்றில் குறுக்குச் சுவர்கள் எழுப்பி நடந்துகொண்டிருந்தது. பள்ளிக் குழு சில அலுவலகங்களிடம் வரைபடம் கேட்டிருந்தது. அவளுடைய முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு நேராக அவள் மேசைக்கு வந்து வைத்தார். “இது உன்னோடது” என்று எழுதிக் காட்டினார்.

ஏலக்காரன் அன்று சந்தையில் தக்காளியை விற்றதைவிட இந்தச் செய்தியை விற்றதுதான் அதிகம்.

ஆனால் வாரக்கணக்காகியும் தங்கை ஒரு கோடு போட்டபாடில்லை. தினமும் பள்ளிக்குப் போவாள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொள்வாள். “நேத்து இந்தக் கட்டடத்துக்குள்ள உனக்கு என்ன நடந்துச்சு? கதையாச் சொல்லு” என்று கேட்பாள். விழுந்தது, இடித்துக்கொண்டது, ஒளிந்துகொண்டது, தோழியோடு சண்டை போட்டது என்று பிள்ளைகள் கைவலிக்கக் கதை சொல்லும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கதையையும் பெரிய பெரிய தாள்களில் படக்கதையாக வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டிவிடுவாள். ஏலக்காரனின் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே ஒரு தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

“இதெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றான் ஏலக்காரன் ஒரு நாள், கையாலும் வாயாலுமாக. “பிளான் எங்க?”

“இதுக்குள்ளதான் இருக்கு. இன்னும் வெளியே வரல.”

“நீயே அங்க படிச்சவதானே? உனக்குத் தெரியாததையா அந்தப் பொடிசுங்க சொல்லப் போகுது?”

“எனக்கு என் கதைதான் தெரியும். அங்க இருக்கப் போறது அவங்க.”

 அவனுக்கு உள்ளுக்குள் கவலைதான். விலை சொல்லாமல் ஏலம் விடுகிற மாதிரி இருந்தது, அவள் செய்கிற வேலை.

ஒரு வழியாக வரைபடம் வந்தது. குழுவுக்கு முன்னால் அவளே விளக்க வேண்டும். அதற்கு முந்தின நாள், வழக்கமாக அவள் கைப்பேச்சை வாய்ப்பேச்சாக மாற்றிச் சொல்கிற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் தள்ளித்தான் இருந்தது, குழந்தைக்கு அவசரம். வேறு ஆளைத் தேடி அலைந்து பார்த்துவிட்டுத் தங்கை சாயங்காலம் சந்தைக்கே வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

“நாளைக்கு நீ வந்து எனக்காகப் பேசணும்.”

“நானா? அங்கெல்லாம் படிச்சவங்க இருப்பாங்க.”

“உன்னை விட்டா ஆள் இல்ல. ஆனா ஒரு நிபந்தனை. நான் சொல்றதை மட்டும் சொல்லு. சொல்றது எல்லாத்தையும் சொல்லு. உன் மசாலாவைச் சேர்க்காதே.”

“நான் எப்ப மசாலா சேர்த்தேன்?”

அவள் வாய்க்கு முன்னால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கூட்டம் பழைய பள்ளியின் ஆசிரியர் அறையில் நடந்தது. குழுத் தலைவர் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். குறைவாகப் பேசுவார், நிறையக் கேட்பார். அவருக்குப் பக்கத்தில் பள்ளியின் தலைமை ஆசிரியை. அந்தம்மாவுக்குக் காது கேட்கும், சைகையும் தெரியும். இன்னும் சில உறுப்பினர்கள். மூலையில் தங்கையின் முதலாளி. ஏலக்காரன் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றான்.

தங்கை வரைபடத்தை விரிக்கவில்லை. முதல் படக்கதையைச் சுவரில் மாட்டினாள். கையை உயர்த்திச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் குரல் கொடுத்தான்.

“இவன் நாலாம் வகுப்பு. தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு வர்றான். திருப்பத்துல அந்தப் பக்கமிருந்து இன்னொரு பையன் ஓடி வர்றான். மத்த பள்ளிக்கூடத்துல காலடிச் சத்தம் கேட்டு ஒதுங்கிடுவாங்க. இங்க அது கிடையாது. ரெண்டு பேரும் மோதினாங்க பாருங்க, தக்காளிக் கூடை மேல லாரி ஏறின மாதிரி—”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். தங்கை கையை நிறுத்தினாள். அவள் சிரிப்பு வரும்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

“அவங்க தக்காளின்னு சொல்லல” என்றார் தலைமை ஆசிரியை.

தங்கையின் கை சுருக்கமாக எதையோ சொன்னது. “இப்ப என்ன சொன்னாங்க?” என்று தலைவர் கேட்டார்.

எல்லாத்தையும் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. ஏலக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “‘எங்க அண்ணனுக்கு வாய் மட்டும் கொஞ்சம் பெருசு, பொறுத்துக்கங்க’ன்னு சொல்றாங்க.”

அதற்குப் பிறகு அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு, அவள் கை சொன்னதை அப்படியே சொன்னான். இணைபிரியாத இரண்டு தோழிகளின் கதை. குறுகலான வராந்தாவில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் போக முடியும். கையைப் பார்த்தால்தானே பேச்சு? அதனால் முன்னால் போகிறவள் பின்புறமாக நடந்துகொண்டே பேசுவாள். ஒரு நாள் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு ஒரு மாதம் அரைப் பேச்சுத்தான். அடுத்தது ஒரு சின்னப் பையன் சொன்னது: ‘எங்க சார் காலையில மட்டும் முகம் இல்லாம பேசுவார்.’ அவர் ஜன்னலுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவார். பின்னால் வெயில் கண்ணைக் கூசவைக்க, முகமும் கையும் கறுத்துத் தெரியும். அந்தப் பையனுக்கு முதல் பாடம் கணக்கு. கணக்கில் அவன் தேறவே இல்லை.

கதைகள் முடிந்த பிறகுதான் வரைபடத்தை விரித்தாள். மூன்று பிள்ளைகள் அருகருகே கைவீசிப் பேசிக்கொண்டு போகிற அகல வராந்தா. திருப்பங்களில் முனை கிடையாது. எதிரில் வருகிறவர் தெரிகிற மாதிரி கண்ணாடிச் சுவர் வைத்து வளைத்திருந்தாள். மாடிக்குப் படி இல்லை, சரிவுப் பாதை. காலடியைப் பார்க்காமலே பேசிக்கொண்டு ஏறலாம். வகுப்பில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து ஆசிரியர் முகத்தில் விழும்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தில் நெடுநேரம் விரல் ஓட்டினார். “கதை நல்லா இருக்கும்மா. ஆனா இந்த வராந்தா ரெண்டு வகுப்பறை இடத்தைச் சாப்பிடுது. வெறுமனே நடந்து போற இடத்துக்கு இவ்வளவு தேவையா?”

நியாயமான கேள்விதான். ஏலக்காரன் அதை அப்படியே கையால் அவளுக்குச் சொன்னான்.

தங்கை கடைசியாக ஒரு தாளை எடுத்து மாட்டினாள். அது கூடத்துச் சுவரில் ஒட்டாத படம். அவன் பார்த்ததே இல்லை. அதில் சுவரைப் பார்த்த ஒரு மேசை, மேசையில் ஒரு சிறுமி.

“இது நான்” என்று அவன் அவளுக்காகச் சொன்னான். “வீட்டுல என் மேசை சுவரைப் பாத்துப் போட்டிருக்கும். பின்னாடி யார் வந்தாலும் தெரியாது. தோளைத் தொட்டா எனக்குத் தூக்கிவாரிப் போடும். அதனால ரெண்டு வரி படிப்பேன், திரும்பிப் பாப்பேன். மறுபடி ரெண்டு வரி. வகுப்புல நான்தான் கடைசி. புத்தி மந்தம்னு நினைச்சாங்க. ஒரு நாள் எங்க அண்ணன்…”

அவன் குரல் இறங்கியது. அவள் கை நிற்கவில்லை.

“எங்க அண்ணன் குளியலறைக் கண்ணாடியைக் கழட்டிட்டு வந்தான். என் மேசைக்கு நேரா மேல ஆணி அடிச்சு மாட்டினான். பாதிச் சுவர் பேந்து விழுந்துச்சு. அப்பா எதுக்குடான்னு கேட்டாங்க. தலை சீவறதுக்குன்னான். அதுக்கு ரெண்டு அடி சேத்து விழுந்துச்சு…”

அதோடு நின்றுவிட்டான். சந்தையே அதிரக் கத்துகிறவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியை ஏன் மாட்டினான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் இல்லை, கட்டிக்கொண்டவளிடம் இல்லை, இவளிடமும் இல்லை. இவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

தங்கை அவனுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள். தலைமை ஆசிரியைதான் குரல் கொடுத்தார்.

“‘கண்ணாடியில வாசல் தெரிஞ்சுது. யார் வந்தாலும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் திரும்பிப் பாக்காம படிச்சேன். அந்த வருஷம் வகுப்புல மூணாவதா வந்தேன். ஒருத்தரோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு பாத்து, அதுக்குத் தக்கபடி வீட்டை மாத்தலாம்னு எனக்கு முதல்ல காட்டினது எங்க அண்ணன். ஐயா கேட்டதுக்கு என் பதில்: எங்களுக்கு வராந்தா வெறுமனே நடக்கிற இடம் இல்ல. பேசற இடம். இதோட கிழக்குக் கோடியிலதான் சாப்பாடு, இங்கதான் பிரார்த்தனைக் கூட்டம். அதனால தனியா மண்டபம் வரையல. வராந்தா சாப்பிட்ட அந்த ரெண்டு வகுப்பறையையும், மண்டபத்துக்குப் போயிருக்க வேண்டிய மாடி இடத்துல திருப்பிக் கொடுத்திருக்கேன்.’”

தலைவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஏலக்காரன் பக்கம் நகர்த்தினார். பிறகு எழுந்தார். “டீச்சர், நீங்க கொஞ்சம் வாங்க. அப்படியே கையால பேசிட்டே நடங்க. எனக்குப் புரியாது, பரவாயில்ல. நான் உங்க கையைப் பாத்துட்டே வர்றேன்.”

இருவரும் பழைய வராந்தாவுக்குப் போனார்கள். அறையிலிருந்தவர்கள் வாசல் வழியே எட்டிப் பார்த்தார்கள். சற்று தூரம்தான் போயிருப்பார்கள். தொம் என்று ஒரு சத்தம். தலைவர் தோளைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“அந்தத் தூணை யார் வச்சது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். “வராந்தா அகலத்துல ஒரு இஞ்ச்கூடக் குறைக்காதீங்க. இந்தச் சரிவுப் பாதையோட ஏற்றம் எவ்வளவு, அதைச் சொல்லுங்க.”

அதற்குமேல் அது இரண்டு தொழில்காரர்கள் பேசிக்கொள்கிற பேச்சாகிவிட்டது. ஏலக்காரன் குரலை மீட்டுக்கொண்டு, புரியாத வார்த்தைகளையும் பிசகாமல் சொன்னான். வெளியே வந்ததும் அவன் தங்கையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கையால் கேட்டான்: “உனக்கு எப்படித் தெரியும்?”

“கண்ணாடி மாட்டினதுலேருந்து நீ அதுல ஒரு நாள்கூடத் தலை சீவினதில்லையே” என்றாள் அவள்.

வேலை தங்கையின் அலுவலகத்துக்கே கிடைத்தது. கட்டடம் எழும்பிய காலமெல்லாம் ஏலக்காரன் வாரத்துக்கு ஒரு தரமாவது அந்தப் பக்கம் போய் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவான். திறப்பு விழாவில் மாலை, மேடை, பேச்சு எல்லாம் இருந்தது. ஆனால் அவனுக்கு மனசு நிறைந்தது அன்றைக்கு இல்லை. பள்ளி ஓடத் தொடங்கி சில மாதம் கழித்து, சமையலறைக்கு ஒரு மூட்டை கேரட் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்த ஒரு சாதாரண நாளில்தான்.

இடைவேளை விட்டிருந்தார்கள். வராந்தா நிறையப் பிள்ளைகள். மூன்று மூன்று பேராக, கை பறக்க, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே போனார்கள். எவரும் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை. திருப்பத்தில் இரண்டு கூட்டம் எதிரெதிரே வந்து, தண்ணீர் மாதிரிப் பிரிந்து போனது, பேச்சு அறாமல். அவன் வாயைப் பிளந்துகொண்டு நட்டநடுவில் நின்றான். அவனுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. முழங்கையை யாரோ தட்டினார்கள். குனிந்து பார்த்தான். ஒரு சிறுமி, தூரத்தில் சுவரோரம் நின்ற தோழியைக் காட்டி, “கொஞ்சம் தள்ளுங்க, அவ பேசறது மறைக்குது” என்று கையால் சொன்னாள். அவன் பதறித் தள்ளி நின்றான்.

தங்கை கைகழுவும் இடத்தில் இருந்தாள். தரையில் குந்தி ஒரு பையன் சொல்வதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பள்ளியில் மணிக்குப் பதில் விளக்கு மின்னும். குழாயடியில் குனிந்திருந்தால் அது தெரியவில்லை என்று பையன் புகார் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் உயரத்துக்குத் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். பென்சிலால் சுவரில் ஒரு குறி போட்டாள்.

ஏலக்காரன் அவள் தோளைத் தொடவில்லை. அவள் பார்வைக்கு எதிரே போய் நின்றான்.

“தப்பு பண்ணியிருக்கேன்” என்றாள் அவள், நிமிர்ந்ததும். “விளக்கு இங்க ஒண்ணு வேணும்.”

“ஒரு விளக்குத்தானே. அங்க வந்து பாரு, எப்படி நடக்குதுங்கன்னு. இன்னிக்காவது கொஞ்சம் பெருமைப்பட்டுக்கோ.”

“அதை நீ பாத்துக்கோ. எனக்கு வேலை இருக்கு.”

அவன் பார்த்துக்கொண்டான். வாசலுக்கு வந்ததும் காவலாளியின் தோளில் கைபோட்டு, “இந்தக் கட்டடம் யார் கட்டினதுன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பித்தான்.

“போன தடவையே சொன்னீங்களேண்ணே.”

“அது சுருக்கமாச் சொன்னது” என்றான் ஏலக்காரன். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.