ஓவியாவை ஏசக் கூடாது

இரண்டரை வயது ஓவியா ஜட்டியோடு ஒண்ணுக்குப் போனதற்காக அவள் அப்பா முனியராஜ் அவளை ஏசிய செவ்வாய்க்கிழமை, நாரணாபுரத்தில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. சரவெடி, புஸ்வாணம், சாட்டை, பாம்பு மாத்திரை எல்லாம் நமத்துப் போயிருந்தன. வானத்தில் மேகம் கிடையாது. வெடி காயப்போடும் மேடைகளில் கால் வைக்க முடியாத சூடு. ஆனாலும் வெடிமருந்தைத் தொட்டால் விரலில் ஈரமாக ஒட்டியது. மறுநாள் எல்லாம் தானாகக் காய்ந்துவிட்டது. அடுத்த வாரம் அவன் மறுபடி ஏசினான், மறுபடி நமத்தது. மூன்றாம் முறை ஏசியபோது, அவன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் மேனேஜர் ராஜசிங் அவன் தெரு வழியாக பைக்கில் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து அதட்டல் கேட்ட அதே நொடியில், அவர் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டி சில்லென்று நெஞ்சில் ஒட்டியது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு, முந்தைய இரண்டு முறையும் இதே வீட்டில் ஏச்சு விழுந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, காரணம் தெரிந்துவிட்டது, மருந்து வியாபாரியைத் திட்ட வேண்டாம் என்றார்.

முனியராஜ் கெட்டவன் இல்லை. அவன் போர்மேன். மருந்து அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பதால், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கத்திக் கத்தியே பேசிப் பழகிவிட்டவன். வீட்டிலும் அதே தொண்டைதான். எதிர் வீட்டுப் பிள்ளை ஒன்றரை வயதிலேயே தானாகப் போய் உட்காருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கம் கெட்டது. டயப்பர் போட்டால் பிள்ளைக்குத் தொடையெல்லாம் சிவந்து தடித்தது. வருகிற ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும், அதற்குள் பழக வேண்டும் என்று, அதே கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடுக்கும் மனைவி இசைவாணி வாத்து முகம் வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் சட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். ஓவியா அதில் பொம்மைகளை உட்கார வைத்தாள், முறுக்கு போட்டுத் தின்றாள். ஒண்ணுக்கு மட்டும் அதற்கு இரண்டடி தள்ளியே போனாள்.

தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓவியாவை யாரும் ஏசக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மழை பெய்தாலும்தான் மருந்து நமக்கிறது. மழையை யாரும் கேள்வி கேட்பதில்லை. கம்பெனி தன் செலவில் பாட்டுப் பாடும் சட்டி, சக்கரம் வைத்த சட்டி, சிம்மாசனம் போல் சாய்மானம் உள்ள சட்டி எல்லாம் அனுப்பி வைத்தது. தெருப் பெண்கள் வாசலில் கூடி, "ஓவியா கெட்டிக்காரி, ஓவியா தங்கம்" என்று முறை வைத்துச் சொன்னார்கள். நல்ல செய்தி வந்ததும் வாசிப்பதற்கென்று தாயில்பட்டியிலிருந்து வந்த மேளக்காரர்கள் இருவர் வேப்பமரத்தடியில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேரைப் பார்த்த ஓவியா வாத்துச் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை அடக்கி வைத்திருந்து, மேளக்காரர் ஒருவர் மடியில் போனாள்.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஜாஸ்பினை ராஜசிங் அழைத்து வந்தார். ஜாஸ்பின் வந்ததும் முதலில் செய்த காரியம், மேளக்காரர்கள் உட்பட எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியதுதான். இரண்டாவது, ராஜசிங்கையும் அனுப்பினார். பிறகு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே முனியராஜிடம் பேசினார்.

"அண்ணே, பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. அவ பழகிருவா. நீங்கதான் பழகணும்."

"நான் என்னத்தப் பழகணும் சிஸ்டர்?"

"பால் குடிச்ச பெறகு கொஞ்ச நேரம் உக்கார வைங்க. வரலைன்னா எந்திரிச்சுப் போகட்டும், புடிச்சு அமுக்காதீக. தவறிப் போனா, பரவால்லன்னு சொல்லித் தொடச்சு விடுங்க. சரியாப் போனா கை தட்டுங்க. அம்புட்டுதான்."

"எம்புட்டு நாளாகும்?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

முனியராஜ் மெதுவாகப் பேசப் பழகினான். அது எளிதாக இல்லை. முதல் சில நாட்கள் அவன் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. பிள்ளை நடுவீட்டில் நனைத்துக்கொண்டு நின்று அவன் முகத்தைப் பார்க்கும்போது, பழைய அதட்டல் நாக்கு நுனி வரை வரும். அதை முழுங்கிவிட்டு, "பரவால்ல தாயி, அடுத்த தடவ சட்டியில போவோம்" என்பான். துணியை எடுத்துத் தானே துடைப்பான். காலையில் அவள் பால் குடித்ததும், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இவனும் உட்காருவான், சட்டியில் அவளும் உட்காருவாள். இருவரும் பல்லி, காக்கா, பஸ் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் வராது. எழுந்து போவார்கள். கம்பெனியிலும் அவன் குரல் தணிந்துவிட்டது. அவன் சொல்வதைக் கேட்பதற்காக ஆட்கள் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் பக்கத்தில் வர வேண்டியிருந்தது. அதனால் வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது, நன்றாகவும் நடந்தது. சட்டி மட்டும் காய்ந்தே கிடந்தது. ஒரு நாள் அவள் ஓடிவந்து, வருகிறது என்று சொல்லி, சட்டிக்குப் பக்கத்தில் நின்று போனாள். சொன்னாளே, அதற்கே அவன் கை தட்டினான். இசைவாணி அடுக்களையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைக்குச் சளி என்று முனியராஜ் லீவு போட்டு வீட்டில் இருந்தான். பதினோரு மணி வாக்கில் கம்பெனியில் திரி காயும் அறையில் தீப்பிடித்தது. கொடிகளில் தொங்கிய திரிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு, வெடிகள் அடுக்கிய சரக்கு அறை வாசலை நோக்கி வந்தன. சரக்கு அறைக்கு வழி அது ஒன்றுதான். உள்ளே பெட்டி போட்டுக்கொண்டிருந்தவர்களில் இசைவாணியும் ஒருத்தி. ராஜசிங் போனில், "ஏசு! ஏசு!" என்று கதறினார். அவர் வேதக்காரர் என்பதால், ஜெபம் பண்ணுகிறார் என்றே முனியராஜ் முதலில் நினைத்தான்.

"பிள்ளைய ஏசுலே! சத்தமா ஏசு! வாணி உள்ள மாட்டிக்கிட்டா!"

முனியராஜ் திரும்பிப் பார்த்தான். யாரும் சொல்லாமலே ஓவியா வாத்துச் சட்டியில் உட்கார்ந்திருந்தாள். கவுனை இரண்டு கையாலும் வயிற்றுக்கு மேல் சுருட்டிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பழைய தொண்டையை வரவழைத்து, "ஏய்!" என்று கத்தினான். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். "ஏய் கழுதை!" என்றான். இன்னும் பலமாகச் சிரித்தாள். தப்பு ஒன்றும் செய்யாத பிள்ளை எதற்குப் பயப்படும்? போனில் ராஜசிங், "அணையலையேடே!" என்றார். மூன்றாவது முறை அவனுக்குக் குரல் உடைந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வருதா தாயி?" என்று மெல்லக் கேட்டான்.

"கொஞ்சம் இருப்பா," என்றாள் ஓவியா.

அவன் இருந்தான். காதில் போனும் கண்ணில் தண்ணீருமாக, அவளை அவசரப்படுத்தாமல் இருந்தான். ஓவியா இரு என்று சொன்ன நேரத்தில் தீ வாசலுக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நின்றது என்று, உள்ளே மாட்டியிருந்த பெண்கள் பிறகு சொன்னார்கள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றதாம். அப்போது வாத்துச் சட்டிக்குள் சலசலவென்று சத்தம் கேட்டது.

போனில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ராஜசிங், "அணஞ்சிருச்சு" என்றார். அப்புறம் இருமிக்கொண்டே இசைவாணியின் குரல் வந்தது.

"பிள்ள என்ன செய்றா?"

"சட்டியில போயிட்டா வாணி."

"கை தட்டுனீகளா?"

அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். ஓவியா எழுந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தானும் தட்டினாள்.

ஓவியா இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். அவளை யார் ஏசினாலும் இப்போதெல்லாம் எந்த மருந்தும் நமப்பதில்லை. ஏசுகிற ஆளும் ஊரில் அனேகமாக இல்லை. எங்காவது தீப்பொறி கிளம்பினால், கம்பெனிகளிலிருந்து பள்ளிக்குப் போன் வரும். டீச்சர் ஷைலா வகுப்புக்குப் போய், "ஓவியா, பாத்ரூம் போறியாம்மா?" என்று கேட்பார். பெரும்பாலும் போய்விட்டு வருவாள். போன மாதம் தாயில்பட்டிப் பக்கம் ஒரு யூனிட்டில் தீப்பிடித்த நேரம், அவள் யானைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். இப்ப வரலை என்று சொல்லிவிட்டாள். டீச்சர் அதை அப்படியே போனில் சொன்னார். கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அவர்களும் சொன்னார்கள். தீ அறைக்கு நடுவில் நின்றுகொண்டது. ஆட்கள் வெளியே வந்து, கை கழுவி, மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டார்கள். ஒருவர் கொஞ்சம் படுத்தும் எழுந்தார். யானைக்கு வால் வரைக்கும் அடித்து முடித்தபின், இன்டர்வெல் மணி அடித்து, ஓவியா போய்விட்டு வந்தாள். தாயில்பட்டியில் ஆட்கள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, தீ அணைந்த அறைக்குள் வேலைக்குப் போனார்கள்.